க, ர: 21, 22, 23

அன்பு மகளுக்கு,

திங்கட்கிழமையிலிருந்து மூத்த பிள்ளைகளின் சங்கீத வகுப்பு உன் பொறுப்பு. நான் விலகுவதற்கான காரணம் உனக்குத் தெரியும். கோயில்காரர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் அதை இங்கே எழுதப் போவதில்லை.

வரிசைகள், அலங்காரம், தாளம் எதையும் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. பாக்கி ஒன்றே ஒன்று. எச்.எஸ்.சி. முதல் வருஷத்தில் கரும்பலகையில் 72 மேளகர்த்தா ராகங்களில், அதாவது தாய் ராகங்களில், மூன்றின் பெயர் எழுதினாய்: கீரவாணி, கரகரப்ரியா, கௌரிமனோகரி. பெயரின் முதல் இரண்டு எழுத்தை எண்ணாக்கித் திருப்பிப் போட்டால் ராகத்தின் வரிசை எண் வரும், அதுதான் கடபயாதி. "மிஸ், மூன்றிலும் முதல் இரண்டு எழுத்து க, ர. கடபயாதிப்படி ஒரே எண்தானே வரணும்? ஏன் 21, 22, 23?" என்று கேட்டாய்.

"மனப்பாடம் பண்ணு, பரீட்சைக்கு எட்டு வாரம்தான் இருக்கு" என்று சொல்லி நான் பலகையைத் துடைத்துவிட்டேன். நீ உட்கார்ந்துவிட்டாய். பக்கத்தில் இருந்த இந்தி படிக்கும் பெண் உன் நோட்டில் ஏதோ எழுதிக் காட்டினாள். விடை அங்கேதான் இருந்தது.

கடபயாதி வடமொழி எழுத்துக்காகச் செய்த கணக்கு. தமிழ் எழுத்தில் ஒரே 'க' ஆக இருப்பது அங்கே நான்கு. கீரவாணியின் க முதலாவது, அதற்கு 1. கரகரப்ரியாவில் மூச்சைத் தள்ளிச் சொல்லும் க, அதற்கு 2. கௌரியில் கங்கை என்று சொல்லும்போது வருகிற க, அதற்கு 3. ய 1 என்றால் ர 2. வருவது 12, 22, 32. திருப்பிப் போட்டால் 21, 22, 23. நாடகப்ரியா 10, நடபைரவி 20 என்று வருவதும் இதனால்தான். அங்கே 'ட' இரண்டு வேறு எழுத்து. நம் பிள்ளைகள் வீட்டில் கிரியோல் பேசி, தமிழ் எழுத்தைப் பள்ளியில் கற்கிறவர்கள். எழுத்தை நம்பிப் போனால் தடுக்கி விழுவார்கள். முதலில் வாயால் சொல்ல வை.

பிறகு எண்ணிலிருந்து சுரத்துக்குப் போ. 72 ராகமும் ஆறாறாகச் சக்கரங்களாகப் பிரிந்திருக்கின்றன. 22-இல் ஒன்றைக் கழித்து ஆறால் வகு: ஈவு 3, மீதி 3. ஆக மூன்று சக்கரம் தாண்டி நாலாவது சக்கரம், அதில் மூன்று ராகம் தாண்டி நாலாவது ராகம். மூன்றும் ஒரே சக்கரம் என்பதால் ச முதல் ப வரை ஒரே சுரங்கள்தான். மேலே தைவதமும் (த) நிஷாதமும்தான் (நி) மாறும். தோ-வை ச-வாக வைத்து கீபோர்டில் காட்டு: தோ, ரே, மி பெமோல் (அரைச் சுரம் இறக்கிய மி), ஃபா, சோல். அதற்கு மேல் கீரவாணிக்கு லா பெமோல், சி. கரகரப்ரியாவுக்கு லா, சி பெமோல். கௌரிமனோகரிக்கு லா, சி. பத்து நிமிஷம் போதும், அப்புறம் கீபோர்டை மூடிவிடு. கரகரப்ரியாவின் காந்தாரம் அசைந்து நிற்கிற சுரம். கட்டையை அழுத்தினால் அது செத்துப்போகும். ராகத்தை ஸ்கேல் என்று பிள்ளைகள் எழுதிவிட்டு வருவதும் இங்கிருந்துதான்.

இத்தனையும் அன்றைக்கே எனக்குத் தெரியும். தெரியாமல் அதட்டவில்லை. அதனால்தான் மன்னிப்புக் கேட்கிறேன். ஆனால் பத்தொன்பது பிள்ளைகள், ஒரு மணி நேரம், ஒரே சுருதிப் பெட்டி! பெண்களுக்கு 5 கட்டை சுருதி வைத்தால் குரல் உடைந்த பையன்கள் கீழேயும் போக முடியாமல் மேலேயும் எட்டாமல் திணறுவார்கள். 1 கட்டைக்கு இறக்கினால் பெண்கள் ஒரு ஸ்தாயி ஏற்றிப் பாட வேண்டிவரும், மேல்ஸ்தாயி கீச்சென்று ஆகும். அவர்களைப் பிரித்துப் பாட வைப்பதிலேயே நேரம் போயிற்று. நீ இரண்டு குழுவாக்கு. ஒன்று பாடும்போது மற்றது தாளம் போடட்டும்.

நீயும் லேசுப்பட்டவள் இல்லை. "மனப்பாடச் சங்கீதம்" என்று நாலு பேர் முன்னால் என் வகுப்புக்குப் பெயர் வைத்தாய். அந்த 72 பெயரும் நாக்கில் இருந்ததால்தானே உனக்கு அந்தக் கேள்வியே எழுந்தது? சரி, விடு. கீரவாணியில் நீ நிஷாதத்தைத் தொடுவதைக் கேட்டால் எனக்குக் கோபம் நிற்பதில்லை.

ரவான் மேளமும் சொல்லித்தரப் போகிறாயாம். நல்லது. அது முழங்கும் நம் மொரீஷியஸின் சேகா இசை 2014-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியதிலிருந்து பிள்ளைகள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அதன் ஆட்டுத்தோல் க்யூர்பிப் ஊர் ஈரத்தில் தொய்ந்துவிடும். இறுக்குவதற்குத் தீயில் காட்டும்போது மேளத்தைச் சுற்றிக்கொண்டே இரு, ஒரே இடத்தில் பிடித்தால் கிழியும். காவடிச் சிந்தின் திஸ்ரத்தோடு, அந்த மூன்று மூன்றான நடையோடு, சேர்த்துச் சொல்லிக் கொடு. இரண்டிலும் ஆறு துடிப்பு. காலால் இரண்டு தட்டு, கையால் மூன்று, வாயால் ஆறு எண்ணட்டும். மூன்று மூன்றாகக் கேட்கிறவன் இரண்டிரண்டாகத் தட்ட ஆரம்பித்த இடத்தில்தான் சமம், அதாவது தாளம் தொடங்கும் இடம், தவறும். அங்கே நிறுத்து, முழுப்பாட்டையும் ஓடவிடாதே.

அலமாரியில் சுருதிப் பெட்டி இருக்கிறது. உன்னிடம் இருக்கும் இரண்டு ரவானில் சின்னது என்னுடையது. திருப்பிக் கொடு.

உன் மிஸ்