தமிழ்ல கேமரா ரிவ்யூ போடுற எல்லாருக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம். எங்க பக்கம் கல்யாணம் எடுக்குற பசங்க முக்கால்வாசி பேர் உங்க வீடியோவ பார்த்துட்டுதான் புது கேமரா பாடி வாங்குறாங்க, அதுவும் நகைய அடகு வச்சு, இல்லன்னா இஎம்ஐ போட்டு. அந்த நம்பிக்கையில உரிமையா ஒண்ணு கேக்குறேன். போட்டோவுக்கு பத்து நிமிஷம், வீடியோவுக்கு பத்து நிமிஷம்னு தனித்தனியா டெஸ்ட் பண்ணிட்டு "ஹைப்ரிட்டுக்கு (போட்டோ, வீடியோ ரெண்டுக்கும்) பெஸ்ட்"னு முடிக்காதீங்க. ஒரே ஆள் ஒரே பாடிய வச்சு ரெண்டையும் மாத்தி மாத்தி எடுக்கும்போது அது என்ன பண்ணுதுன்னு காட்டுங்க.

தாலி கட்டுற நேரத்தையே எடுத்துக்கோங்க. அதுவரைக்கும் வீடியோ ஓடிட்டு இருக்கும், நொடிக்கு 25 ஃப்ரேம், ஷட்டர் 1/50 நொடி. கெட்டிமேளம்னு குரல் வந்ததும் நாதஸ்வரம் உச்சத்துக்கு போகுது, நாலு பக்கமும் அட்சதை பறக்குது, மூணு முடிச்சு விழுறதுக்குள்ள போட்டோவும் வேணும். டயலை திருப்புறோம், அங்க ஷட்டர் அதே 1/50ல நின்னா மாப்பிள்ளை கை மொத்தமா ப்ளர். சோனி ஏ7 IVல போட்டோ, வீடியோவுக்கு தனி டயல் இருக்கு, எந்த செட்டிங் ரெண்டுக்கும் பொது, எது தனின்னு மெனுவுல நாமளே பிரிச்சு வச்சுக்கலாம். பழைய ஏ7 IIIல எஸ்-லாக்க (அப்புறமா கலர் சரி பண்றதுக்காக வெளிறின மாதிரி எடுக்குற வீடியோ செட்டிங்) ஆன் பண்ணிட்டு மறந்துட்டா போட்டோவுலயும் ஐஎஸ்ஓ, அதாவது வெளிச்சத்துக்கான சென்சிட்டிவிட்டி, 800க்கு கீழ இறங்காது. ஒரு வேலை நாள்ல எங்க உயிரை வாங்குறது இந்த மாதிரி விஷயம்தான், ஆனா ரிவ்யூல இதுக்கு ஒரு வரி கூட வர்றதில்ல.

அடுத்தது சூடு. 2020ல கேனான் ஆர்5 வந்தப்போ 8கே வீடியோ 20 நிமிஷம், 4கே ஹெச்க்யூ (உயர்தர 4கே) 30 நிமிஷம் ஓடினா சூடாகி நின்னுடும்னு கம்பெனியே கணக்கு கொடுத்துச்சு, ஆனா அந்தக் கணக்கு 23 டிகிரில எடுத்தது. வைகாசி முகூர்த்தத்துல ஏசி இல்லாத மண்டபம், பக்கத்துல ஹோமம் எரியுது, மேல நாலு வீடியோ லைட், அங்க 23 டிகிரிக்கு எங்க போறது? பெரும்பாலான பாடிக்கு மேனுவல்லயே 40 டிகிரி வரைக்கும்தான் போட்டிருக்காங்க. அதனால ஏசி ரூம்ல ஸ்டாண்டுல வச்சு ஒரு மணி நேரம் ஓடுச்சுன்னு சொல்றது எங்களுக்கு உதவாது. மதியம் மொட்டை மாடி நிழல்ல வச்சு ஓட்டுங்க, நடுநடுவுல போட்டோவும் எடுங்க, ஆட்டோ பவர் ஆஃப் டெம்பரேச்சர (எவ்வளவு சூடானா கேமரா தானா ஆஃப் ஆகணும்ங்கிற செட்டிங்) ஸ்டாண்டர்டுல வச்சீங்களா ஹைல வச்சீங்களான்னு சொல்லுங்க, ஆஃப் ஆச்சுன்னா திரும்ப எடுக்க எவ்வளவு நேரம் ஆச்சுன்னும் சொல்லுங்க, ஏன்னா ஐயர் நமக்காக காத்திருக்க மாட்டார். 2023ல வந்த பானசோனிக் எஸ்5 IIல உள்ளயே ஃபேன் வச்சிருக்காங்க, எங்கள மாதிரி ஆளுங்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்னு நீங்க அழுத்தி சொல்லியிருக்கணும்.

மெகாபிக்சல் பத்தி பேசும்போது ஆல்பத்தையும் மனசுல வச்சு பேசுங்க. நம்ம ஊர்ல 12க்கு 36 இன்ச் ஆல்பம் சகஜம். ஏ7எஸ் III வீடியோவுக்கு ராஜாதான், ஆனா 12 மெகாபிக்சல், அகலம் 4240 பிக்சல், அத 36 இன்ச்சுக்கு விரிச்சா இன்ச்சுக்கு 118 பிக்சல்கிட்டதான் வரும், அதுலயும் க்ராப் பண்ணா இன்னும் கம்மி. அதே 33 மெகாபிக்சல் ஏ7 IVல 195 வருது, ஆனா அதுல 4கேல நொடிக்கு 60 ஃப்ரேம் போட்டா ஓரமெல்லாம் வெட்டுப்பட்டு 1.5 மடங்கு க்ராப் ஆகுது, 24 எம்எம் லென்ஸ் 36 எம்எம் மாதிரி ஆகிடும். மேடையில பின்னாடி போக இடம் கிடையாது, சித்தப்பா பெரியப்பா எல்லாம் சுத்தி நிக்குறாங்க, அங்க அந்த க்ராப் பெரிய இடைஞ்சல். ஒண்ணு கூடினா ஒண்ணு குறையுதுங்கிறத பக்கத்துல பக்கத்துல வச்சு காட்டினாதான் வாங்குறவனுக்கு புரியும்.

சென்சார் எவ்வளவு வேகமா படிக்குதுங்கிறதும் அப்படித்தான். மந்திரம் சொல்லும்போது சத்தம் வரக்கூடாதுன்னு சைலன்ட் ஷட்டர் போட்டா எல்இடி லைட்டுல முகத்துல பட்டை பட்டையா கோடு விழுது, வீடியோவுல வேகமா பேன் பண்ணா மண்டபத்து தூணெல்லாம் சாயுது. ரெண்டும் பெரும்பாலும் ஒரே காரணத்தால வர்றதுதான்: சென்சார் படத்த வரி வரியா மெதுவா படிக்குது. நிக்கான் இசட்6 IIIல பார்ஷியலி ஸ்டாக்டு சென்சார் (வேகமா படிக்கிற வகை) போட்டது இதுக்காகத்தான், அதுக்கு பதிலா டைனமிக் ரேஞ்ச் (வெளிச்சம், இருட்டு ரெண்டையும் ஒரே படத்துல பிடிக்கிற திறன்) கொஞ்சம் விட்டுக்கொடுத்திருக்காங்க. ரிசப்ஷன் மேடையில பின்னாடி எல்இடி வால் இருக்குற இடத்துல ஒரே ஒரு தடவை எடுத்து காட்டுங்க, அரை மணி நேரம் ஸ்பெக் படிக்கிறத விட அது மேல். பட்டுப்புடவை ஜரிகைய க்ளோஸ்-அப்ல வச்சு முவாரே (நெருக்கமான நெசவுல தெரியுற பொய் அலைக்கோடு) வருதான்னும் பாருங்க.

எடிட்டிங் செலவையும் சொல்லுங்க. 4:2:2 10-பிட் ஹெச்.265 (கலர் விவரம் அதிகமா வச்சு சுருக்கி சேமிக்கிற ஃபார்மட்) ஃபுட்டேஜ் சூப்பர்தான், ஆனா அத சிஸ்டம் தாங்கணும்ல? என்விடியா கிராஃபிக்ஸ் கார்டுல 4:2:2க்கு ஹார்டுவேர் டீகோடிங் (கார்டே ஃபைல பிரிச்சு ஓட்டுற வசதி) 50 சீரிஸ்லதான் வந்துச்சு. பழைய கார்டு வச்சிருக்கவன் இது தெரியாம பாடிய வாங்கிட்டு ப்ராக்ஸி (எடிட்டுக்கு மட்டும் போடுற சின்ன சைஸ் காப்பி) போட்டுட்டு உக்காந்திருக்கான். 200 எம்பிபிஎஸ்ல எடுத்தா ஒரு மணி நேரத்துக்கு 90 ஜிபி, ரெண்டு ஸ்லாட்லயும் பேக்கப் ஓட்டினா டபுள் மெமரி கார்டு, அப்புறம் ஹார்ட் டிஸ்க். பாடி விலையோட இதையும் சேர்த்து சொன்னாதான் அது முழு விலை.

பாடி கம்பெனி கொடுத்ததா, கடன் வாங்கினதா, சொந்தக் காசான்னு முதல் நிமிஷத்துலயே சொல்லிடுங்க, அதுல தப்பே இல்ல.

மண்டபத்துல டெஸ்ட் பண்ண இடம் வேணும்னா எங்க பக்கம் வாங்க. ரெண்டு வீட்டுலயும் முன்கூட்டியே பேசி அனுமதி வாங்கி வைக்கிறேன், ரெகுலர் ஷூட்ட நாங்க பார்த்துக்குறோம், நீங்க ஓரமா நின்னு நலங்குல இருந்து சாப்பாட்டுப் பந்தி வரைக்கும் அந்த ஒரே பாடியில போட்டோவும் வீடியோவும் எடுங்க, எடுத்தத கட் பண்ணாம அப்படியே போடுங்க.