விதைக்கு மானியம் சரி, வத்தலுக்கு விலை எங்கே?

வேளாண்மைத் துறையில் பயிர்த் திட்டம் போடுகிற அதிகாரிகளுக்கு,

வணக்கம். ராமநாதபுரம் மாவட்டத்தில் திருப்பாலைக்குடிக்கும் ஆர்.எஸ்.மங்கலத்துக்கும் நடுவே மூன்று ஏக்கர் மானாவாரியில் குண்டு மிளகாய் போடுகிறவன் எழுதுகிறேன். மிளகாய்ச் சாகுபடிக்கென்று அரசு அறிவித்த மிளகாய் மண்டலம் பற்றியோ, 2023இல் எங்கள் மிளகாய்க்குக் கிடைத்த புவிசார் குறியீடு பற்றியோ நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதில்லை.

போன வாரம் எங்கள் பக்கம் ஒரு கூட்டம் நடந்தது. "இந்த வருஷம் பரப்பைக் கூட்டணும், விதைக்கும் உரத்துக்கும் மானியம் இருக்கு, சிட்டா அடங்கலோட வாங்க" என்றார் வந்திருந்தவர். நல்ல மனிதர், எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். பின்வரிசையிலிருந்து ஒரு அக்கா எழுந்து, "வெளஞ்சா என்ன வெலைக்கு எடுப்பீக?" என்று கேட்டது. "வெலையச் சந்தை பாத்துக்கும்மா" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த படிவத்தைக் கையில் எடுத்தார். அந்த ஒரு பதிலுக்காகத்தான் இந்த மடல்.

சந்தை எப்படிப் பார்த்துக்கொள்கிறது என்று சொல்கிறேன். எங்கள் ஊரில் வத்தலைக் காயவைப்பதே ஒரு காவல் வேலை. கடல் பக்கம் என்பதால் பொழுது சாய்ந்ததும் ஈரம் இறங்கும். களத்தில் கிடப்பதை அள்ளிக் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடி, விடிந்ததும் பனி போன பிறகு மறுபடி பரப்ப வேண்டும். சென்ற பங்குனியில் ஒரு ராத்திரி இரண்டு மணிக்குக் கோடை மழை பிடித்துக்கொண்டது. நானும் வீட்டுக்காரியும் ஓடிப்போய்த் தார்ப்பாயை இழுத்துப் பிடித்துக்கொண்டு விடியும்வரை நின்றோம். ஒரு ஓரத்தில் தண்ணீர் புகுந்துவிட்டது. அந்த ஓரத்து வத்தல் நாலு நாளில் வெளுத்து, சண்டு என்கிற கழிவு வத்தலாகிவிட்டது. அதைத் தனியாகப் பொறுக்கி எடுக்க இரண்டு நாள்.

மிச்சமிருந்த நல்ல வத்தலைக் கமிஷன் கடைக்குக் கொண்டுபோனேன். எட்டுப் பெண்கள் இரண்டு நாள் பறித்த காய், காய்ந்து வந்தது 104 கிலோ. சாக்குக்கும் ஈரப்பதத்துக்கும் என்று நாலு கிலோ கழித்தார்கள். கிலோ 110 ரூபாய் என்று போட்டு 11,000 வந்தது. பறிப்புக் கூலி ஆளுக்கு 300 வீதம் 4,800 நான் ஏற்கெனவே கொடுத்தாயிற்று. கமிஷன், ஏற்றுகூலி, வண்டி வாடகை போய், விதைக்கும் களையெடுப்புக்கும் கடைக்காரரிடம் வாங்கியிருந்த முன்பணத்தில் ஒரு பங்கும் போய், கைக்கு வந்தது 1,150. "கொஞ்ச நாள் வச்சு வித்தா வெல ஏறும்ல" என்று படித்தவர்கள் சொல்வார்கள். முன்பணம் வாங்கியவன் எதை வைத்துக் காத்திருப்பான்? புவிசார் குறியீட்டையும் சாக்கில் ஒட்டிப் பார்த்துவிட்டேன். எடை கூடவில்லை.

பரப்பு கூடினால் இந்த 110 ஏறுமா, இறங்குமா? எல்லார் வத்தலும் மாசி, பங்குனியில் ஒரே சமயத்தில் சந்தைக்கு வரும் பயிர் இது. விடை உங்களுக்கும் தெரியும்.

என் தங்கையைக் குமரி மாவட்டத்தில் குலசேகரம் பக்கம் கட்டிக்கொடுத்திருக்கிறோம். அங்கே ரப்பர். மிளகாயில் நாலைந்து மாதத்தில் நாங்கள் படுவதை அவர்கள் ஏழு வருஷம் நீட்டிப் படுகிறார்கள், ஏனென்றால் நட்ட கன்று பால் வெட்டுக்கு வர அவ்வளவு காலம் ஆகும். 2011இல் கிலோ ரப்பர் 240 ரூபாயைத் தொட்டபோது ஊரே நட்டது. 2016 தொடக்கத்தில் அது 100க்கும் கீழே கிடந்தது. கச்சா எண்ணெய் விலை விழுந்தது, சீனாவில் தேவை குறைந்தது என்று அதற்குப் பல காரணம் உண்டு, எல்லாவற்றையும் மானியத்தின் தலையில் கட்டமாட்டேன். ஆனால் 2004 வாக்கில் தாய்லாந்து அரசு தன் வடக்கு, வடகிழக்கு மாகாணங்களில் பத்து லட்சம் ராய், அதாவது ஒன்றரை லட்சம் ஹெக்டேருக்கும் மேல், உதவி கொடுத்து நடவைத்ததே, அந்த மரங்கள் பாலுக்கு வந்ததும் இதே காலத்தில்தான். குலசேகரத்தில் விலை இறங்கியதில் அங்கே நட்ட மரத்துக்கும் பங்கு உண்டு. மாப்பிள்ளை ஒருநாள் போனில் சொன்னார்: "மச்சான், வெல கூடும்போ நடச் சொல்லுவாவ. பால் வரும்போ ஆளையே காணாது."

இன்னொன்றும் சொன்னார். 2021இல் வடகிழக்கு மாநிலங்களிலும் மேற்கு வங்கத்திலும் இரண்டு லட்சம் ஹெக்டேரில் ரப்பர் நட ஒரு திட்டம் தொடங்கியதாம். அதற்குச் சுமார் 1,000 கோடி ரூபாய் கொடுக்க முன்வந்தவர்கள் டயர் கம்பெனிக்காரர்கள். நம் நாட்டுக்கு ரப்பர் பற்றாக்குறைதான், இறக்குமதி செய்துதான் சமாளிக்கிறோம், அதனால் நடுவது தப்பென்று சொல்லவில்லை. ஆனால் ரப்பரை வாங்குகிறவன் தன் கைக்காசைப் போட்டு நடச் சொல்கிறான் என்றால், விலை ஏறட்டும் என்றா போடுகிறான்?

ரப்பர்க்காரர்களுக்கு ஒன்று மட்டும் நடந்தது. 2015இல் கேரள அரசு, கிலோவுக்கு 150 ரூபாய்க்குக் கீழே சந்தை போனால் வித்தியாசத்தை விவசாயியின் வங்கிக் கணக்கில் போடுவோம் என்று அறிவித்தது. அந்தத் தொகை பிறகு உயர்ந்தும் இருக்கிறது. பணம் தாமதமாக வருகிறது என்று அங்கேயும் புலம்பல் உண்டு. ஆனாலும் கணக்குப் போட அவர்களிடம் ஒரு எண் இருக்கிறது. ரப்பர் விலையை ரப்பர் வாரியம் அன்றாடம் வெளியிடுகிறது. எங்கள் விலை கமிஷன் கடைத் துண்டுச்சீட்டில்தான் தெரியவரும், அதுவும் சாக்கை இறக்கிய பிறகு.

எங்கள் கோரிக்கை ஒன்றுதான். பரப்பைக் கூட்டச் சொல்வதற்கு முன்னால், வத்தலுக்கு ஒரு அடிப்படை விலையைச் சொல்லுங்கள்.

மத்திய அரசின் குறைந்தபட்ச ஆதரவு விலைப் பட்டியலில் மிளகாய் இல்லை, எங்கள் கையில் என்ன இருக்கிறது என்பீர்கள். பட்டியலில் இல்லாத தோட்டப் பயிர்களுக்காகத்தான் சந்தைத் தலையீட்டுத் திட்டம் இருக்கிறது. விலை விழும்போது மாநில அரசு கேட்டால் மத்திய அரசு ஒரு விலையை நிர்ணயித்துத் தரும், நட்டத்தில் பாதியை மாநிலம் ஏற்க வேண்டும். 2025 பிப்ரவரியில் ஆந்திர மிளகாய்க்கு அப்படித்தான் குவிண்டாலுக்கு 11,781 ரூபாய் என்று அறிவித்தார்கள். கிலோவுக்கு 117 ரூபாய் 81 காசு. வாய்க்கால் தண்ணீரும் போர்வெல்லும் உள்ள குண்டூருக்கு அந்த விலை என்றால், வடகிழக்குப் பருவமழையை மட்டும் நம்பி, அதில் பாதி விளைச்சல்கூட எடுக்காத எங்களுக்கு எவ்வளவு வேண்டும்? அதைக்கூட அப்புறம் பேசலாம். முதலில் கேளுங்கள். அழுத பிள்ளைக்குத்தான் பால். எங்களுக்காக அழ வேண்டியவர்கள் நீங்கள்.

பரப்பைக் கூட்டுவதுதான் முக்கியம் என்றால் அதற்கும் ஒரு யோசனை இருக்கிறது. இந்த மாவட்டத்தில் மானியம் வாங்காமல், கூட்டம் போடாமல், சிட்டா அடங்கல் கேட்காமல் வருஷா வருஷம் பரப்பைக் கூட்டிக்கொண்டே போகிற ஒரே பயிர் சீமைக்கருவேலம். அதற்கு ஒரு மண்டலம் அறிவித்துவிட்டால் இலக்கை ஒரே வருஷத்தில் தாண்டிவிடலாம். கண்மாய், வரத்துக் கால், என் பங்காளி விற்றுவிட்டுத் திருப்பூர் போன இரண்டு ஏக்கர் எல்லாம் கணக்கில் சேரும். விவசாயியும் வேண்டியதில்லை, விலை கேட்டு யாரும் எழுந்து நிற்கவும் மாட்டார்கள்.

கோபத்தில் எங்கோ போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கூட்டத்துக்கு வந்த அதிகாரி மேல் எனக்கு வருத்தம் இல்லை. அவரிடம் இருந்தது பரப்பு எழுதுகிற படிவம், விலையைச் சொல்ல அவருக்கு யாரும் எதுவும் கொடுத்தனுப்பவில்லை.

ஆகவே தயவுசெய்து கேட்கிறேன். புரட்டாசிக் கடைசியில் விதைப்போம். அதற்கு முன்னால் அடிப்படை விலை இவ்வளவு, அதற்குக் கீழே போனால் வித்தியாசம் இத்தனை நாளில் கணக்குக்கு வரும் என்று அறிவியுங்கள். கொள்முதல் செய்து கிட்டங்கியில் அடுக்க வேண்டும் என்றுகூடக் கேட்கவில்லை, வித்தியாசத்தைப் போட்டால் போதும்.

கூட்டத்தில் கொடுத்த படிவம் வீட்டில் நிரப்பாமல் இருக்கிறது. பெயர், சர்வே எண், பரப்பு, ஆதார், எல்லாவற்றுக்கும் கட்டம் இருக்கிறது. விலைக்கும் ஒரு கட்டம் சேர்த்து, அதை நீங்கள் நிரப்பி அனுப்புங்கள். மற்றதை நான் நிரப்பி மறுநாளே கொண்டுவந்து தருகிறேன்.

இப்படிக்கு,
மூன்று ஏக்கர் குண்டு மிளகாய்க்காரன்,
ராமநாதபுரம் கடற்கரை