தேதியைப் பார்த்துச் சேர், தம்பி

ஆத்தங்குடி
வெள்ளிக்கிழமை

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுகிறேன். கொப்புடையம்மன் திருவிழாவுக்கும் நீ வரவில்லை. அயித்தை இரண்டு தடவை கேட்டுவிட்டது. ஆபீஸில் வேலை அதிகம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். போன வாரம் பகல் பதினொரு மணிக்குப் போன் போட்டபோது முதல் மணியிலேயே எடுத்தாய். பின்னால் ஒரு சத்தமும் இல்லை. சரி, அதை விடு. வேளைக்குச் சாப்பிடு.

பெரிய தொகை கட்டி அனிமேஷன் கோர்ஸில் சேரப் போகிறாயாமே, பாப்பா வாய்தவறிச் சொன்னது. கட்டுவதற்கு முன் அந்தப் பாடம் எந்த வருஷம் எடுத்தது, எந்தப் பதிப்புக்கு என்று பார். பிளெண்டர் என்கிற அனிமேஷன் சாஃப்ட்வேர் இலவசம், அதன் கையேடும் இலவசம். நம் பதிப்பு எதுவோ அதற்கான கையேட்டையே எடுத்துப் படிக்கலாமாம். 2025-ல் ஆஸ்கர் வாங்கிய லாட்வியா நாட்டுப் பூனைப் படத்தை இதில்தான் செய்தார்களாம். கடன் மட்டும் வாங்காதே. ஒரே ஒரு பாடவரிசையை எடு, கடைசிவரை முடி. நம் தரைக்கல் பட்டறைக்கு வருகிற பையனுக்கு முதலில் ஒரே நிறக் கல்லைத்தான் கொடுப்பேன், உனக்குத் தெரியும். பூ அச்சைத் தொட மாசக்கணக்காகும்.

பாப்பா உன் பழைய கம்ப்யூட்டரில் பிளெண்டர் பழகுகிறது. நீதான் ஆரம்பித்து வைத்தாயாம், கேட்க நன்றாக இருந்தது. ஒரு வீடியோவைப் பார்த்துச் செய்யப்போய் இரண்டு நாள் அழுதது. வலது பொத்தானை அழுத்தினால் பொருள் செலக்ட் ஆகும் என்கிறார்கள் அதில். இங்கே அழுத்தினால் ஏதோ மெனு விரிகிறது. மூன்றாம் நாள்தான் தேதியைப் பார்த்தது. 2016-ல் போட்ட வீடியோ. 2019-ல் 2.80 பதிப்பு வந்தபோது அந்த வேலையை இடது பொத்தானுக்கு மாற்றிவிட்டார்களாம்.

அதைக் கேட்டபின் எனக்குக் கை ஓடவில்லை. சாயம் ஊற்றிய கல் இரண்டு வீணாயிற்று.

2019 கடைசியில் உன்னை இதையே சொல்லிக்கொடுக்கிற ஒரு சென்டரில் சேர்த்தேனே, போர்டைப் பார்த்துத்தான் சேர்த்தேன். அங்கே படிக்கிற ஒரு பிள்ளையிடம்கூட விசாரிக்கவில்லை. "நோட்டில் இருக்கிற மாதிரி பொத்தான் வேலை செய்யலப்பா" என்று நீ சொன்னாய். அயித்தை வீட்டுப் பந்தியில், அத்தனை பேர் முன்னால், ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்றேன். நீ இலையை மூடிவிட்டு எழுந்தாய். அதற்குப் பிறகு அந்தப் பக்கமே போகவில்லை.

கூடம் கோணல்தான் தம்பி. நான் பார்த்துச் சேர்த்துவிட்ட கூடம். பழைய நோட்டை வைத்துக்கொண்டு புதுப் பதிப்பில் நடத்தியிருக்கிறார்கள். அன்றைக்கு உன் பக்கத்தில் ஒரு நாள் உட்கார்ந்து பார்த்திருந்தால் எனக்கே தெரிந்திருக்கும். உட்காரவில்லை. நீ சோம்பேறி என்று ஊரெல்லாம் சொன்னேன்.

இந்த மாசம் பணம் அனுப்ப வேண்டாம். பட்டறையில் வேலை இருக்கிறது. எதற்கும் அந்தக் கோர்ஸின் தேதியைப் பார்.

பாப்பா பந்து ஒன்றைத் துள்ள வைக்கிறது. தரையில் பட்டதும் நசுங்க வேண்டுமாம், நசுங்க மாட்டேன் என்கிறது. ஞாயிற்றுக்கிழமை போன் போட்டு அதற்குச் சொல்லிக்கொடு. நானும் பக்கத்தில் இருப்பேன். என்னிடம் பேசாவிட்டாலும் பரவாயில்லை.

அப்பா