அடுத்த வாரம் வரைக்கும் காத்திருக்காதே, கண்ணு

அன்புள்ள கண்ணு,

நேற்று ராத்திரி குட்டியின் ஸ்கூல் ஃபீஸ், மாப்பிள்ளையின் முதுகுவலி எல்லாம் பேசி முடித்துவிட்டுப் போனை வைக்கப் போகிற நேரத்தில்தான் போகிற போக்கில் அதைச் சொன்னாய். நாலைந்து நாளாக வலது கண்ணில் கறுப்பாகப் பூச்சி பறக்கிறது, ராத்திரி விளக்கை அணைத்துவிட்டுப் புரண்டு படுத்தால் கண் ஓரத்தில் பளிச்சென்று ஒரு வெளிச்சம் வருகிறது, லேப்டாப் அதிகம் பார்ப்பதால் இருக்கும், அடுத்த வாரம் வேலை குறைந்ததும் டாக்டரிடம் போகிறேன் என்று. காலையில் கூப்பிட்டேன், நீ எடுக்கவில்லை, மீட்டிங்கில் இருப்பாய். அதனால் எழுதி அனுப்புகிறேன். முழுதாகப் படிக்க நேரம் இல்லையென்றால் இந்த ஒரு வரியை மட்டும் படி: இன்றைக்கே, இருட்டுவதற்குள், ரெட்டினா, அதாவது விழித்திரை டாக்டர் இருக்கிற ஒரு கண் ஆஸ்பத்திரிக்குப் போய், சொட்டு மருந்து விட்டுக் கண் பாப்பாவை விரித்து விழித்திரையைப் பார்க்கச் சொல்.

லேப்டாப்பால் இது வராது. அதிகமாகத் திரையைப் பார்த்தால் கண் உலரும், எரியும், தலை வலிக்கும். பூச்சி பறக்காது. வெள்ளைத் திரையிலும் வெளிச்சமான சுவரிலும் வானத்திலும் அது பளிச்சென்று தெரிவதால் திரைதான் காரணம் என்று தோன்றுகிறது, அவ்வளவுதான்.

எத்தனையோ வருஷம் பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கண்ணின் படத்தைப் போர்டில் வரைந்தவள் நான், அதனால் கொஞ்சம் பாடம் நடத்துகிறேன், பொறுத்துக்கொள். லென்ஸுக்குப் பின்னால் கண் உருண்டையின் பெரும்பகுதியை நிரப்பியிருப்பது விட்ரியஸ் என்கிற கூழ். ஏறக்குறைய 4 மில்லி, அதில் 98 சதவீதத்துக்கு மேல் தண்ணீர், மீதி மெல்லிய கொலாஜன் இழைகளும் கொஞ்சம் ஹயலூரானிக் அமிலமும். இளவயதில் இளநுங்கு மாதிரி ஒரே கெட்டியாகத் தெளிவாக இருக்கும், வயசாக ஆக உள்ளே அங்கங்கே நீராகி, இழைகள் ஒன்றோடொன்று சேர்ந்து கட்டிக்கொள்ளும். அந்தக் கட்டிகளின் நிழல், கண்ணின் பின்சுவரை ஒட்டி வெளிச்சத்தை உணர்கிற மெல்லிய படலமான விழித்திரையில் விழுவதைத்தான் நாம் பூச்சி, நூல், சிலந்தி வலை என்று பார்க்கிறோம். நேராகப் பார்க்கப் போனால் விலகி ஓடுவது அதனால்தான், கண் திரும்பும்போது கூழும் சேர்ந்து ஆடுகிறது.

இதுவரை பயப்பட ஒன்றும் இல்லை. ஒரு கட்டத்தில் அந்தக் கூழ் சுருங்கி, ஒட்டியிருந்த விழித்திரையை விட்டு மொத்தமாக விலகிவிடும். பலருக்கு 50, 60 வயதுக்கு மேல் இது நடக்கும், எனக்கும் கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகு நடந்தது. டாக்டர் பார்த்தார், விழித்திரை நன்றாக இருக்கிறது என்றார், இப்போது அந்தப் பூச்சி இருப்பதே எனக்கு ஞாபகம் வருவதில்லை. ஆனால் கூழ் விலகும்போது எங்காவது விழித்திரையோடு இறுக்கமாக ஒட்டியிருந்தால், அந்த இடத்தைப் பிடித்து இழுக்கும். விழித்திரைக்கு வலி தெரியாது. இழுத்தாலும் அழுத்தினாலும் அதற்குத் தெரிந்தது வெளிச்சம் ஒன்றுதான். ராத்திரியில் நீ ஓரத்தில் பார்க்கிற அந்த மின்னல் அதுவாக இருக்கலாம் என்பதுதான் என் பயம். இழுப்பில் விழித்திரை கிழிந்தால், நீரான திரவம் அந்தக் கிழிசல் வழியாகப் பின்னால் புகுந்து விழித்திரையைச் சுவரிலிருந்து பிரித்துக்கொண்டே போகும்.

உனக்கு வருகிற ஒற்றைத் தலைவலி வெளிச்சத்தோடு இதைக் குழப்பிக்கொள்ளாதே. அது வளைந்து வளைந்து, மினுக்கிக்கொண்டே பெரிதாகி, 20 நிமிஷம் அரைமணி நேரத்தில் போய்விடும், எந்தக் கண்ணை மூடினாலும் தெரியும். இது ஒரு கண்ணில் மட்டும், ஒரு நொடி, கண்ணைத் திருப்பும்போது.

இப்படித் திடீரென்று புதுப் பூச்சிகளோடு வருகிறவர்களில் நூற்றுக்குப் பத்து பதினைந்து பேருக்குத்தான் கிழிசல் இருக்கும் என்கிறார்கள். அதாவது உனக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கத்தான் வாய்ப்பு அதிகம், அதை நான் மறைக்கவில்லை. ஆனால் நீ எந்தக் கூட்டத்தில் இருக்கிறாய் என்று வீட்டில் உட்கார்ந்துகொண்டு யாராலும் சொல்ல முடியாது, பாப்பாவை விரித்துப் பார்த்தால்தான் தெரியும். அதுவும் உனக்குச் சின்ன வயதிலிருந்து மைனஸ் எட்டு. லேசிக் பண்ணிக் கண்ணாடியைக் கழற்றி வருஷமாகிறது, அதனால் கிட்டப்பார்வையே போய்விட்டது என்று நினைக்கிறாய். லேசிக் கண்ணின் முன்பக்கத்துக் கருவிழியைத்தான் செதுக்குகிறது. கண் உருண்டை நீளமாக இருப்பதும், அதனால் பின்னால் விழித்திரை இழுபட்டு மெலிந்திருப்பதும் அப்படியேதான் இருக்கும். கிட்டப்பார்வைக்காரர்களுக்கு இந்தக் கூழ் விலகலும் மற்றவர்களைவிடச் சீக்கிரமே வரும். டாக்டரிடம் முதலில் சொல்ல வேண்டியது இதுதான்: லேசிக்குக்கு முன்னால் மைனஸ் எட்டு, தாய்மாமாவுக்கு விழித்திரை பிரிந்திருக்கிறது.

மாமாவின் கதை உனக்குப் பாதிதான் தெரியும், அப்போது நீ ஹாஸ்டலில் இருந்தாய். அவருக்கும் கனமான கண்ணாடி. ஒருநாள் மிளகைத் தூவிவிட்ட மாதிரி ஒரு கண் முழுக்கப் புள்ளிகள். ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள், பித்தம் என்றார்கள், சத்து இல்லை என்றார்கள், எண்ணெய் தேய்த்துக் குளி என்றார்கள். கண்ணாடிக் கடையில் பவர் மாறியிருக்கிறது என்று புதுக் கண்ணாடி போட்டுக் கொடுத்தார்கள். மருந்துக் கடையில் சிவப்புக்குப் போடுகிற ஏதோ சொட்டு மருந்து. வலி இல்லை, சிவப்பு இல்லை, நீர் வடியவில்லை, அதனால் அவருக்கும் அவசரம் தோன்றவில்லை. அப்புறம் மூக்கை ஒட்டிக் கீழ்ப்பக்கம் ஒரு நிழல். கண்ணாடியில் அழுக்கு என்று துடைத்துக்கொண்டே இருந்தார். மேல்பக்கத்து விழித்திரை பிரிந்தால் நிழல் கீழே தெரியும், மேலிருந்து இறங்குவது வேகமாகவும் இருக்கும். கோயம்புத்தூருக்குக் கூட்டிக்கொண்டு போனபோது நடுப்பார்வைக்கான மாக்குலாவும் பிரிந்துவிட்டிருந்தது. ஆபரேஷன் செய்தார்கள், உள்ளே வாயு அடைத்தார்கள், நாள் கணக்கில் குப்புறக் கிடந்தார், வாயு கரைகிற வரைக்கும் விமானம் ஏறக்கூடாது, மலை ஏறக்கூடாது. விழித்திரை ஒட்டிக்கொண்டது. ஆனால் அந்தக் கண்ணால் இன்றைக்கும் பேப்பர் படிக்க முடியாது, கதவு நிலை கூட வளைந்து தெரிகிறது என்பார்.

மாக்குலா பிரிவதற்கு முன்னால் போயிருந்தால் பார்வையைப் பெரும்பாலும் காப்பாற்றியிருக்கலாம். அதற்கும் முன்னால், வெறும் கிழிசலாக இருந்தபோதே போயிருந்தால் ஆபரேஷனே தேவைப்பட்டிருக்காது. இதை நான் சும்மா சொல்லவில்லை, அவருடைய இன்னொரு கண்ணே சாட்சி. அந்தக் கண்ணில் விழித்திரை ஓரம் மெலிந்து சின்னதாக ஓட்டை விழுந்திருந்ததை அப்போதே பார்த்து, சுற்றிலும் லேசர் போட்டுவிட்டார்கள். புறநோயாளியாக உட்கார வைத்துச் சில நிமிஷத்தில் முடிந்தது. அந்தக் கண்ணால்தான் இன்றைக்கு வரைக்கும் ஸ்கூட்டர் ஓட்டுகிறார்.

லேசர் என்ற வார்த்தையைக் கேட்டதும் நீ முகம் சுளிப்பாய், தெரியும். விழித்திரை பிரிந்தால் குருடு என்று டாக்டர்களே கைவிரித்த காலம் இருந்தது. சுவிட்சர்லாந்தில் லோசான் நகரத்து ஜூல்ஸ் கோனின்தான், கிழிசல்தான் மூலகாரணம், அதை மூடினால் விழித்திரை ஒட்டும் என்று 1920களில் சூடு வைத்துக் காட்டினார், லேசில் யாரும் நம்பவில்லை. பிறகு ஜெர்மனியில் மேயர் ஷ்விக்கராத் என்பவர், 1945இல் கிரகணத்தை வெறும் கண்ணால் பார்த்து விழித்திரையைச் சுட்டுக்கொண்டு வந்தவர்களைப் பரிசோதித்தபோது, இதே சூட்டைக் கிழிசலைச் சுற்றி வைத்தால் என்ன என்று யோசித்தார். கண்ணைக் கெடுத்த வெளிச்சத்தையே கண்ணைக் காக்கத் திருப்பினார் அந்த மனுஷர். அங்கிருந்து வளர்ந்ததுதான் இன்றைய லேசர். கிழிசலைச் சுற்றித் தழும்பு உண்டாக்கி விழித்திரையைப் பின்சுவரோடு பற்றிக்கொள்ளச் செய்கிறது. வெளிச்சம் கூசும், சிலருக்குச் சுருக்கென்று குத்தும், அவ்வளவுதான். தழும்பு கெட்டிப்பட ஒன்றிரண்டு வாரம் ஆகும், அதுவரைக்கும் டாக்டர் சொல்கிற மாதிரி இரு.

ஆஸ்பத்திரியில் ரிசப்ஷனில் கண் செக்கப் என்று மட்டும் சொல்லாதே, பவர் பார்த்து அனுப்பிவிடுவார்கள். புதிதாகப் பூச்சி பறக்கிறது, மின்னல் தெரிகிறது என்று சொல், வரிசையில் முன்னால் விடுவார்கள். தலையில் விளக்கு மாட்டிக்கொண்டு, கையில் ஒரு லென்ஸ் பிடித்துக்கொண்டு, உன்னை மேலே பார் கீழே பார் என்பார்கள், சில சமயம் இமை மேல் லேசாக அழுத்தியும் பார்ப்பார்கள், ஓரம் முழுவதும் தெரிய அதுதான் வழி. கொஞ்சம் சங்கடமாக இருக்கும். ஓரத்தைப் பார்த்தீர்களா என்று நீயே கேள். இரண்டு கண்ணையும் பார்க்கச் சொல்.

போகிற வரைக்கும் ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார். எந்தப் பக்கமாவது நிழலோ திரையோ விழுந்திருந்தால், திடீரென்று புகை படிந்த மாதிரி புள்ளிகள் பெருகினால், பார்வை மங்கினால், இருட்டுவதற்குள் என்றுகூட இல்லை, அந்த நிமிஷமே கிளம்பு, மீட்டிங் பாதியில் இருந்தாலும் சரி, ராத்திரி என்றாலும் சரி, அவசரப் பிரிவு இருக்கும். கண்ணைத் தேய்க்காதே. ரோஸ் வாட்டர், தேன், நந்தியாவட்டைச் சாறு எதையும் விடாதே. மாமியார் அன்பாகத்தான் சொல்வார்கள், அவர்களிடம் நான் பேசிக்கொள்கிறேன். பூச்சியைப் போக்குகிற சொட்டு மருந்து என்று ஒன்று கிடையாது.

ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொன்னால் சந்தோஷமாக வீட்டுக்கு வா, ஆனால் மறுபடி பார்க்க வரச் சொல்கிற தேதியை விட்டுவிடாதே. கூழ் முழுதாக விலகச் சில வாரம் ஆகலாம், முதலில் இல்லாத கிழிசல் பிறகு வருவது உண்டு. பூச்சி அப்படியே இருக்கும், கொஞ்ச மாதத்தில் மூளை அதைக் கண்டுகொள்வதை நிறுத்திவிடும். அப்பாவுக்கும் இதையெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன், சுகர் இருப்பவர்களுக்குப் புதுப் பூச்சி கண்ணுக்குள் ரத்தக் கசிவாகவும் இருக்கலாம் என்பதால், அவருக்கு வருஷாவருஷம் ரெட்டினா செக்கப் நானே கையைப் பிடித்துக் கூட்டிப் போகிறேன்.

ஸ்கூட்டியை எடுக்காதே, ஆட்டோவில் போ. பாப்பா விரிந்தபிறகு நாலைந்து மணி நேரம் வெயில் கூசும், கூலிங் கிளாஸ் எடுத்துக்கொள். லேசிக் பண்ணிய பழைய ஃபைல் இங்கே பீரோவில் இருந்தது, பவர் எழுதிய பக்கத்தை போட்டோ எடுத்து இதோடு அனுப்பியிருக்கிறேன். குட்டியை பக்கத்து ஃப்ளாட் அக்காவிடம் விட்டுவிட்டு மாப்பிள்ளையையும் கூட்டிப் போ. டாக்டர் என்ன சொன்னார் என்று அவரையே எனக்குப் போன் பண்ணச் சொல், உனக்கு அப்போது செல்போனில் எழுத்து தெரியாது.

அம்மா