டிபன் பாக்ஸை எப்போது மூடுவது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மதியச் சாப்பாட்டைப் பிள்ளைகள் பாதிக்குப் பாதி திருப்பிக் கொண்டுவரும் வீடுகளில், "நாளைக்கு வேறு என்ன செய்து கொடுக்கலாம்?" என்றுதான் பேச்சு நடக்கிறது. சமையலில் குறையே இருக்காது. மூடிய விதத்தில்தான் இருக்கும்.

காலை ஏழரைக்கு மூடும் எவர்சில்வர் டப்பாவைப் பிள்ளை திறப்பது பன்னிரண்டரைக்கு. ஆவி பறக்கும்போதே மூடினால், அது மூடியின் உட்புறம் முத்துமுத்தாகக் கோத்து மறுபடி சோற்றிலேயே சொட்டும். மேலே சொதசொதப்பு, நடுவில் அடங்காத வெதுவெதுப்பு. மதுரை வெயிலில் சோறு ஊசிப்போக வேறென்ன வேண்டும்? அரிசியில் ஒட்டியிருக்கும் 'பேசில்லஸ் சீரியஸ்' கிருமியின் வித்துகள் கொதியிலும் சாவதில்லை. வெதுவெதுப்பில் முளைக்கும். அது உண்டாக்கும் வாந்தி நஞ்சு திரும்பச் சூடுபடுத்தினாலும் போகாது. இரவெல்லாம் வெளியே கிடந்த சோற்றைக் காலையில் தாளித்துக் கொடுத்துவிடுவது அதனால்தான் ஆபத்து.

வழி இரண்டுதான். ஒன்று, சோற்றைத் தாம்பாளத்தில் பரப்பி, ஒரு கரண்டி நல்லெண்ணெய் விட்டு, மின்விசிறிக்கு அடியில் பத்து நிமிடம் ஆறவைத்துக் கட்டுவது. ஆறினாலும் நம்மூர் அறைச் சூடே கிருமிக்குப் போதும் என்பதால், இதற்குப் புளிப்புள்ள சாதங்களே தோது. சித்திரைத் திருவிழாவுக்கு வண்டி கட்டி வந்தவர்கள் கட்டுச்சோறாகப் புளியோதரை கொண்டுவந்தது ருசிக்காக மட்டுமல்ல. எலுமிச்சைச் சாறை அடுப்பை அணைத்த பிறகே பிழிய வேண்டும், கொதித்தால் கசக்கும்.

இன்னொன்று, சூட்டைக் காக்கும் ஹாட் பேக். சாம்பார் சாதம், பருப்புச் சாதத்துக்கு இதுதான். முதலில் கொதிநீர் ஊற்றி ஐந்து நிமிடம் மூடிவைத்துக் கொட்டிவிட்டு, விளிம்புவரை நிரப்ப வேண்டும். பாதி டப்பா சீக்கிரம் ஆறிவிடும். பருப்பும் சோறும் மதியத்துக்குள் நீரை உறிஞ்சி இறுகும். வீட்டில் சாப்பிடும் பதத்தைவிடக் கால் டம்ளர் வெந்நீர் கூடுதலாக விட்டுக் கிளறுங்கள்.

தயிர்ச்சாதம் மதியத்திலேயே புளிக்கிறதென்றால் உறை அதிகம். ஒரு டம்ளர் சோற்றை மசித்து, காய்ச்சிய பால் முக்கால் டம்ளர் சேர்த்து, இரண்டும் கைபொறுக்கும் சூட்டுக்கு வந்தபின் தயிர் ஒரு தேக்கரண்டி மட்டும். அதைவிடச் சூடாக இருந்தால் உறை செத்து, பால் கெட்டுவிடும். வெள்ளரிக்காயைக் கலக்காதீர்கள், நீர் விட்டுக்கொள்ளும். தனி டப்பாவில் வையுங்கள்.

தொட்டுக்கொள்ளச் சிப்ஸுக்குப் பதில் ஒரு கைப்பிடி சுண்டல் போதும். கடலையை இரவே ஊறவைத்து, தேங்காய்த் துருவல் போடாமல் தாளியுங்கள். முதலில் வீச்சமடிப்பது தேங்காய்தான். முருங்கைக்கீரை அடை கொடுத்தால் ஒரு நெல்லிக்காய்த் துண்டும் வையுங்கள், கீரையின் இரும்புச்சத்து உடம்பில் சேரும். எல்.கே.ஜி. பிள்ளைகளுக்கு முழு நிலக்கடலை வேண்டாம், தொண்டையில் அடைக்கும். திராட்சையை நீளவாக்கில் நறுக்கித்தான் கொடுக்க வேண்டும்.

மூடியின் ரப்பர் வளையத்தை ஊக்கால் நெம்பிக் கழற்றிப் பாருங்கள். அடியில் கறுப்புக் கோடு ஓடியிருக்கும். நேற்றைய புளியும் முந்தாநாள் தயிரும்தான் அது. தினமும் கழற்றிக் கழுவி வெயிலில் காயவைக்காமல், சாப்பாடு ஒரு மாதிரி வாடை அடிக்கிறது என்று சொல்லும் பிள்ளையைத் திட்டிப் பயனில்லை.

பள்ளிகளுக்கும் ஒரு வார்த்தை. பள்ளியைச் சுற்றி 50 மீட்டருக்குள் கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த தின்பண்டங்களை விற்கக் கூடாது என்று 2020-இல் வந்த உணவுப் பாதுகாப்பு விதி சொல்கிறது. வாசல் கடையைக் கவனிக்கும்போதே, சாப்பாட்டுப் பைகள் எங்கே இருக்கின்றன என்றும் பாருங்கள். தகரக் கூரைத் தாழ்வாரத்தில், கிழக்கு வெயில் நேராக விழும் இடத்தில் அவற்றை அடுக்கினால், வீட்டில் ஆறவைத்தது அத்தனையும் வீண். வகுப்பறைக்குள் நிழலான சுவரோரம் ஒரு மரப்பலகை போட்டாலே போதும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
செல்லூர், மதுரை.