பாடுகிறவர்களுக்குக் கேள்வி கேட்கவும் தெரியும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒக்கி புயலில் பறிபோனவர்களுக்காக எங்கள் கடற்கரை ஊர்களில் நடந்த நினைவுத் திருப்பலி (பூசை) பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். "பாட்டும் செபமும் தரும் மகிழ்ச்சிதான் இம்மக்களைக் கேள்வி கேட்க விடாமல் வைத்திருக்கிறது" என்று ஒரு வரி. எழுதியவர் எங்களோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசியிருந்தால் அதை எழுதியிருக்க மாட்டார்.

2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்தபோது என் தம்பி ஆழ்கடலில் இருந்தான். எங்கள் பக்கத்து விசைப்படகுகள் வாரக்கணக்கில் கடலில் தங்குபவை என்பது தாங்கள் அறிந்ததே. கரையில் சொன்ன எச்சரிக்கை அவ்வளவு தூரம் எட்டவில்லை. லட்சத்தீவில் சில படகுகள் ஒதுங்கின, மகாராஷ்டிரத்தில் சில என்று சேதி வரும்போதெல்லாம் பெயர்ப் பட்டியலைத் தேடி ஓடினோம். அவன் பெயர் எதிலும் இல்லை. டிசம்பர் 7-ஆம் தேதி ஆயிரக்கணக்கில் குழித்துறைக்கு நடந்து போய், இரவு வரை தண்டவாளத்தில் உட்கார்ந்தோம். வழியெல்லாம் செபமாலை சொன்னோம். கேள்வி கேட்காத மக்களா ரயிலை மறித்தார்கள்?

அதே டிசம்பர் 17, கிறிஸ்துமஸுக்கு ஆயத்தம் செய்யும் திருவருகைக் காலத்தின் மூன்றாம் ஞாயிறு. மகிழ்ச்சியின் அடையாளமாக இளஞ்சிவப்பு மெழுகுதிரி ஏற்றும் நாள். "எப்பொழுதும் மகிழ்ச்சியாக இருங்கள்" என்பது அன்றைய பைபிள் வாசகம். வாசிக்க எழுந்த பெண் அந்த வரியிலேயே நின்றுவிட்டாள். எனக்குக் கோபம்தான் வந்தது. யாரைப் பார்த்து மகிழச் சொல்கிறீர்கள் என்று கத்த வேண்டும் போல இருந்தது. அப்போது மகனைப் பறிகொடுத்த ஒரு அம்மா, சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துவிட்டுத் தானாகவே பாட்டை எடுத்தார். சுருதி சேரவில்லை. கோயில் முழுக்க அழுதுகொண்டே பாடியது. அந்த நேரத்தில் எனக்குள் வந்ததை மகிழ்ச்சி என்றுதான் சொல்வேன். துக்கம் துளியும் குறையவில்லை. ஆனால் கடவுள் எங்களையும் கைவிடவில்லை, கடலில் கிடந்த அவனையும் கைவிடவில்லை என்ற உறுதி வந்தது.

அன்று இரவு தம்பி மனைவி கஞ்சி குடித்தாள். மறுநாள் காலை ரேஷன் கார்டு, தம்பியின் அடையாள அட்டை, கல்யாண போட்டோ எல்லாவற்றையும் ஒரு மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு, பிள்ளையை இடுப்பில் தூக்கி வைத்து அலுவலகத்துக்குக் கிளம்பினாள். உடல் கிடைக்காத ஒருவரை இறந்தவராகக் கொள்ளச் சட்டம் ஏழு ஆண்டு கேட்கிறது. அதுவரை என் பிள்ளை எதைத் தின்னும் என்று அதிகாரியின் முகத்தைப் பார்த்துக் கேட்டாள். முந்தின நாள் பாடிய அதே வாய்தான் ஐயா.

அந்த வாசகத்தை எழுதிய பவுலும் சொகுசாக உட்கார்ந்து எழுதியவரல்ல. பிலிப்பி நகரில் அடிபட்டு, காலில் தொழுமரம் என்ற விலங்குக் கட்டை மாட்டப்பட்டு, நள்ளிரவில் சிறையில் பாடியவர். விடிந்ததும் ரகசியமாகப் போய்விடச் சொன்னபோது, விசாரிக்காமல் அடித்தவர்களே வந்து எங்களை வெளியே கூட்டிப் போகட்டும் என்று மறுத்தவரும் அவரே.

2022 மே 15-இல், கிறிஸ்தவரானதற்காக உயிரைக் கொடுத்த எங்கள் மாவட்டத்து தேவசகாயம் பிள்ளை புனிதராக அறிவிக்கப்பட்டபோது தாங்கள் தனிப் பக்கமே ஒதுக்கினீர்கள். எருமை மேல் ஊர்வலமாகக் கொண்டு போனதையும், 1752-இல் ஆரல்வாய்மொழிக் காட்டாடிமலையில் சுட்டுக் கொன்றதையும், அத்தனை வதையிலும் அவர் செபித்ததையும் பெருமையாக எழுதினீர்கள். அவரிடம் வீரமாகத் தெரிந்தது எங்கள் அம்மாமாரிடம் மட்டும் ஏன் மயக்கமாகத் தெரிகிறது?

சுனாமி வந்தபோதும் இப்படித்தான். குளச்சலிலும் மணக்குடியிலும் பிணங்களை மொத்தமாகப் புதைத்த ஈரம் காயும் முன்பே, முந்தின நாள் கொண்டாடிய கிறிஸ்துமஸ் இவர்களைக் காப்பாற்றியதா என்று எழுதினீர்கள். அப்போதும் ஒரு கடிதம் போட்டேன். வெளியிடவில்லை. சரி, இடமில்லை போலும் என்று விட்டுவிட்டேன். விசுவாசித்தால் கஷ்டமே வராது, காணிக்கை அனுப்புங்கள் என்று டிவியில் கூவும் பிரசங்கிகளை நானும் ஏற்பதில்லை. அவர்களையும் எங்களையும் உங்கள் கட்டுரை ஒரே தட்டில் வைத்ததுதான் மிகவும் வலிக்கிறது.

கட்டுரையின் படத்துக்குக் கீழே "தூத்துக்குடி" என்று போட்டிருக்கிறீர்கள். அது தூத்தூர், கன்னியாகுமரி மாவட்டம். அடுத்த இதழில் அதையாவது திருத்துங்கள். படத்தில் மடியில் போட்டோவை வைத்துக்கொண்டு பாடும் பெண்ணிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை. இனிமேல் நிருபரை அனுப்பும்போது, படம் எடுக்கும் முன் ஒரு வார்த்தை கேட்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
தூத்தூர் வட்டாரம், கன்னியாகுமரி மாவட்டம்.