அந்தக் குவியல் எங்கே இருக்கிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 'தொண்டு நிறுவனங்களுக்கு வெளிநாட்டுப் பணம் வந்து குவிகிறது, வறுமை மட்டும் அப்படியே இருக்கிறது' என்று ஞாயிறு தலையங்கத்தில் எழுதியிருந்தீர்கள். இந்த நிறுவனங்களுக்குக் கணக்கு எழுதிப் பிழைப்பவன் நான். அந்தக் குவியல் எங்கே என்று காட்டினால் புண்ணியமாகப் போகும்.

வெளிநாட்டு நன்கொடையை ஒழுங்குபடுத்தும் எஃப்.சி.ஆர்.ஏ. சட்டம் 2020-இல் திருத்தப்பட்டது தாங்கள் அறியாததல்ல. எந்த ஊர் அமைப்பானாலும் வெளிநாட்டு நன்கொடை முதலில் புதுதில்லி ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில்தான் இறங்க வேண்டும். அந்த நன்கொடையில் நிர்வாகச் செலவின் உச்சவரம்பு 50 சதவீதத்திலிருந்து 20 ஆகிவிட்டது. அலுவலக வாடகை, கரண்டு பில், கணக்கு எழுதும் கூலி, வண்டிச் செலவு எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். மருத்துவமனை டாக்டர், பள்ளி ஆசிரியர் சம்பளம் அதில் சேராது என்கிறது விதி. சரி, நின்றுபோன முதியோர் உதவித்தொகைக்கு மனு எழுதித் தந்து, கிராமசபையில் வரவு செலவு கேட்கப் பழக்கும் களப்பணியாளர்? அவர் சம்பளம் நிர்வாகச் செலவா இல்லையா என்பது ஆடிட்டரின் துணிச்சலைப் பொறுத்தது. முதலில் வேலை போவது அவருக்குத்தான்.

அதைவிடக் கொடுமை, கைமாற்றத் தடை. முன்பு பெரிய அமைப்பு வாங்கி, எஃப்.சி.ஆர்.ஏ. பதிவுள்ள சின்ன அமைப்புகளுக்குப் பிரித்துத் தரும். இப்போது ஒரு ரூபாய்கூடத் தரக்கூடாது. பதிவே இல்லாத சின்ன அமைப்பு புதிதாகப் பதிவு வாங்கிக்கொள்ளட்டும் என்பீர்கள். அதற்கு மூன்று வயது ஆகியிருக்க வேண்டும், முந்தைய மூன்றாண்டில் 15 லட்சம் செலவழித்த கணக்கும் காட்ட வேண்டும். காசு வாங்கவே காசு செலவழித்திருக்க வேண்டுமாம்! 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் இந்தத் தடை செல்லும் என்றது. தங்கள் பத்திரிகையில் உள்பக்கத்தில் நாலு வரி வந்ததாக ஞாபகம்.

கம்பெனிகள் சமூகப் பொறுப்புக்கென்று செலவிடும் சி.எஸ்.ஆர். பணம் இருக்கிறதே என்றும் அறிவுரை சொல்லியிருந்தீர்கள். சராசரி லாபத்தில் 2 சதவீதம், உண்மைதான். பெஞ்சு வாங்குவார்கள், கழிப்பறை கட்டுவார்கள், கட்டியதில் பெயரும் எழுதுவார்கள். தகவல் உரிமை மனு எழுதச் சொல்லித்தர எந்தக் கம்பெனி செக் கொடுக்கும்?

பதிவு ரத்தானால் முதல் பக்கத்தில் பட்டியல் போடுகிறீர்கள். புதுப்பிக்கப்பட்டால் பெட்டிச் செய்திகூட வருவதில்லை. தையல் மெஷின் விழாவில் எம்.எல்.ஏ. படத்துக்கு மட்டும் எப்படியோ இடம் கிடைத்துவிடுகிறது.

உள்துறை அமைச்சகம் 2022 ஜூலையில் தொண்டு அமைப்புகள் தாக்கல் செய்த ஆண்டுக் கணக்குகளைத் தன் தளத்திலிருந்து எடுத்துவிட்டது. ஆனால் பல அமைப்புகள் தணிக்கைக் கணக்கைத் தங்கள் தளத்திலேயே வைத்திருக்கின்றன. அடுத்த தலையங்கம் அச்சுக்குப் போகும் முன் நிருபர் ஒருவரை அதில் ஒன்றையாவது திறந்து படிக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு கணக்காளர்,
திண்டுக்கல்.